சத்தம் போடாத டேப்பெட்

38 மிதி வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் செட்டிபாளையம் தாண்டி, நண்பனுடைய பெரியப்பா தோட்டத்தில், தென்னை வைக்காமல் சும்மா விட்ட மேட்டு நிலம் ஒன்று இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் டர்ட் பைக் ஓட்டுவோம். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அன்றைக்கு அதில் பாதிக்கு மேல் நான் கிக்கரை மிதித்தே கழித்தேன். ஒரு மிதிக்கு 'டப்' என்று ஒரு சத்தம் வரும். இதோ பிடித்துவிட்டது என்று தோன்றும். அப்புறம் ஒன்றும் இருக்காது.

மோட்டார் ரூமிலிருந்து தண்ணீர் திருப்பிவிட்டு வந்த பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏனுங் தம்பி, அதைய மிதிச்சிட்டே இருக்கறதுக்கு, இறக்கத்துல உருட்டிப் பாக்கலாமுங்கல்ல?" என்றார். சரி என்று மேட்டிலிருந்து உருட்டினேன். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டதும் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அப்புறம் ஒரு குறையும் இல்லை. எல்லா மேட்டிலும் ஏறியது, கடைசி வரை இழுத்தது. மிதித்தால் வராத வண்டி உருட்டினால் வருகிறது, வந்த பிறகு நன்றாக ஓடுகிறது. நோய் என்ன என்பதை வண்டி அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கு அது புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது. இதே தொல்லையில் இருக்கும் யாருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 2007 மாடல் ஜப்பான் மோட்டோகிராஸ் பைக். 250 சிசி, நான்கு ஸ்ட்ரோக், நான்கு வால்வு: கலவை உள்ளே வர இன்டேக் இரண்டு, புகை வெளியே போக எக்ஸாஸ்ட் இரண்டு. ஹெட்லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது, பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். செல்ஃப் கிடையாது, பேட்டரியும் கிடையாது. கார்புரேட்டர், கிக்கர், அவ்வளவுதான். நான் மூன்றாவது கைக்காரன். வாங்கும்போது இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் ஆன வண்டி.

எந்த வண்டியாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆவதற்கு மூன்று விஷயம் வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் பிளக்கில் கரண்ட், அந்தக் கலவையை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். இது தெரியாத மெக்கானிக் இல்லை. ஆனால் நம் ஊரில் தேட ஆரம்பிக்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் பிளக், அப்புறம் கார்புரேட்டர், அப்புறம் திரும்பவும் பிளக். இந்தப் பழக்கம் டூ ஸ்ட்ரோக் காலத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நானும் என் சேக்காளிகளும் வேலை பழகியது ஆர்எக்ஸ் 100 வண்டியில். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அதில் பழகியவர்கள்தான். அந்த எஞ்சினில் இந்த மாதிரி கேம் தள்ளித் திறக்கும் வால்வு கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கி போர்ட்டைத் திறந்து மூடும். அதனால் ஸ்டார்டிங் தொல்லை என்றால் பத்துக்கு எட்டு முறை பிளக்கில் ஆயில் படிந்திருக்கும், இல்லை கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துவாரம் அடைத்திருக்கும். அந்த அனுபவம் கையிலேயே தங்கிவிட்டது.

மோட்டோகிராஸ் உலகமும் நெடுநாள் டூ ஸ்ட்ரோக் உலகம்தான். 1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் டக் ஹென்றி யமஹாவின் சோதனை வண்டியான ஒரு 400 சிசி நான்கு ஸ்ட்ரோக்கை ஓட்டி ஜெயித்தார். அடுத்த வருடமே ஒய்இசட் 400 எஃப் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு சில வருடங்களில் மற்றப் பெரிய கம்பெனிகளும் நான்கு ஸ்ட்ரோக் வண்டி விட்டன. கூடவே வால்வும், அதைத் தள்ளித் திறக்கும் கேமும், இரண்டுக்கும் நடுவில் அளவுக்கு வைக்கும் ஷிம் தகடும் வந்து சேர்ந்தன. என் கை மட்டும் பழைய வரிசையிலேயே தேடிக்கொண்டிருந்தது.

அதனால் முதல் வாரம் பிளக். கழற்றிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. இந்த ஈரம் முக்கியமான தகவல். பத்துப் பதினைந்து மிதிக்குப் பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். டேங்க் மூடியின் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம், காக் அடைத்திருக்கலாம், ஜெட் அடைத்திருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியத்தான் இல்லை. பிளக்கைத் துடைத்து, கேப்பில் மாட்டி, ஹெட்டின் மேல் படுக்க வைத்து, நிழலில் நின்று கிக்கரை மிதித்துப் பார்த்தேன். பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், அதனால் பிளக்கை அதிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். நல்ல நீலப் பொறி. புதுப் பிளக் வாங்கி, இடைவெளி 0.8 மில்லிமீட்டர் வைத்து மாட்டியும் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கரண்ட் பக்கம் தப்பில்லை என்று அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடாமல் காயிலையும் கழற்றிச் சுத்தம் செய்தேன், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் ஒயரைப் பிரித்துவிட்டும் பார்த்தேன். கில் சுவிட்ச் பார்ப்பது வீண் வேலை இல்லை. கீழே விழுந்து எழுந்த வண்டியில் அந்த ஒயர் நசுங்கி ஃபிரேமில் தொடுவது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது வாரம் கார்புரேட்டர். இங்கேதான் நான் நன்றாக வழி தவறினேன்.

வண்டி ஒன்றரை மாதம் ஓடாமல் நின்றிருந்தது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஃப்ளோட் கிண்ணத்தில் அப்படியே விட்டுவைத்தால் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசின் மாதிரி படியும். முதலில் அடைவது ஸ்லோ ஜெட்தான். என் வண்டியில் அதன் மேல் 42 என்று பொறித்திருக்கும். 0.42 மில்லிமீட்டர் துவாரம் என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்டார்ட் ஆவதும் ஐட்லிங் நிற்பதும் இந்த ஒரு துவாரத்தை நம்பித்தான். கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் தெரிந்தது.

இதில் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், துவாரம் பெரிதாகிவிட்டால் ஜெட் போச்சு. கார்ப் கிளீனரில் ஊறப்போட்டு, காற்றடித்து, அதற்கும் போகவில்லை என்றால் மெல்லிய எலக்ட்ரிக் ஒயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பக்குவமாக விடலாம். நான் அப்படித்தான் செய்தேன். முழு வட்டம் தெரிந்தது. மாட்டி மிதித்தேன், எட்டாவது மிதியில் வண்டி வந்தது.

முப்பத்தெட்டோடு பார்த்தால் எட்டு பெரிய முன்னேற்றம். அதனால் நோய் தீர்ந்தது என்று நம்பினேன். அடுத்த ஞாயிறு சோக் போட்டால் இருபது மிதி, போடாவிட்டால் சுத்தமாக வரவில்லை. எஞ்சின் சூடான பிறகும் சோக் கேட்டது. சோக் இல்லாமல் ஓடாத வண்டி என்றால் யாராக இருந்தாலும் ஸ்லோ ஜெட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கம்ப்ரஷன் போகும் எஞ்சினும் அதே மாதிரிதான் சோக் கேட்கும். உள்ளே இழுக்கும் சக்தி குறைந்து, கூடுதல் பெட்ரோல் கொடுத்தால்தான் எரியும். இரண்டு வேறு நோய்க்கு ஒரே அடையாளம். எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது. ஒன்றைச் சரி செய்ததில் கிடைத்த கொஞ்ச நிம்மதி இன்னொன்றை மறைத்துவிட்டது.

கார்புரேட்டரை இன்னும் இரண்டு முறை பிரித்தேன். காற்று ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். கடைசியில் எங்கள் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்ப வருது, எப்ப வரல, அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். காலையில் வராது. நின்று நின்று மிதித்தால் வரும். ஓடி நிறுத்தினால் வராது. உருட்டினால் எப்போதும் வரும். வந்துவிட்டால் குறையே இல்லை.

"டேப்பெட் சத்தம் இருக்குதா?"

"இல்லைங்கண்ணா. முன்னைவிட அமைதியாத்தான் ஓடுது."

"அப்ப அதுதான்" என்றார்.

டேப்பெட் என்றால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பாகம், அங்கே இருக்கும் இடைவெளியில் தட்டுவதுதான் டேப்பெட் சத்தம். எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் அதிர்ச்சி. நாம் பழகியது நேர் எதிர். 'டேப்பெட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணிவிடுங்க' என்றுதான் எல்லோரும் வண்டியை விடுவோம். சத்தம் என்றால் தேய்மானம், அமைதி என்றால் ஆரோக்கியம். ரோட்டில் ஓட்டும் வண்டியிலேயே இது முழுக்கச் சரியில்லை. இந்த மாதிரிப் பந்தய எஞ்சினில் முழுத் தப்பு.

காரணம் இது. கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் கேம் கையை எடுத்ததும் வால்வு முழுசாக மேலே போய், அது மூடி உட்காரும் வளையமான சீட்டில் உட்காரும். வால்வின் முகமும் சீட்டும் தேயத் தேய, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி உட்காரும். தண்டின் தலை கேமை நெருங்கும். இடைவெளி குறையும், சத்தமும் குறையும். இடைவெளி தீர்ந்த அன்றைக்கு வால்வு சரியாக மூடாது. என் மாதிரி வண்டிகளில் இன்டேக் வால்வு டைட்டேனியம். எடை குறைவு என்பதால் எஞ்சின் 13,000 ஆர்பிஎம் வரை போகலாம். மேலே ஒரு மெல்லிய கெட்டிப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் மளமளவென்று போகும்.

உருட்டினால் வருவதும் அப்போதுதான் விளங்கியது. 8000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 4 மில்லி விநாடிகூட ஆகாது. மயிரிழைக் கசிவு இருந்தாலும் கலவை தப்பித்துப் போக நேரமில்லை. அதனால்தான் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கால் வேகத்தில் பிஸ்டன் நிதானமாகத்தான் ஏறும். அதற்குள் பாதிக் கலவை வால்வு ஓரமாகவே திரும்பிப் போய்விடும். உருட்டிக் கிளட்ச் விடும்போது கால் தராத வேகத்தைச் சக்கரம் தருகிறது. அப்படி உருட்டியே காலம் தள்ளினால் அடுத்து வருவது பெரிய செலவு. வால்வு தன் சூட்டைச் சீட்டின் வழியாகத்தான் இறக்கும். சீட்டில் உட்காராத வால்வு சூடேறிக் கெடும்.

ஊகத்தின் மேல் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், முதலில் உறுதி செய்யலாம் என்றார் அண்ணன். இந்த எஞ்சினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். மிதிப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. அதனால் பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் காற்று நிப்பிள் ஒன்றை லேத்தில் பொருத்தி வாங்கினோம். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திக்கொள்ள, பக்கத்துப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டோம். கிக்கர் பக்கம் காலை வைக்கக் கூடாது, திடீரென்று சுற்றும். சைலன்சரில் காதை வைத்தேன், ஒன்றும் இல்லை. கிராங்க் கேஸ் காற்றுக் குழாயில் மெல்லிய மூச்சு, அது எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும். கார்புரேட்டர் வாயில் காதை வைத்தேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் இருக்குமே, அப்படி இருந்தது. கசிவது இன்டேக் வால்வு.

இடைவெளி பார்ப்பது எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும்தான். 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்தோம். டேங்க், சீட் எல்லாம் இறக்கி, ஹெட் கவரைக் கழற்றினோம். கணக்குப்படி இன்டேக் 0.12, எக்ஸாஸ்ட் 0.28 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், முன்பின் 0.03 போகலாம். எக்ஸாஸ்ட் இரண்டும் அளவில் இருந்தன. இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடுகளில் வலது இன்டேக்கில் 0.07 தகடுதான் போனது. இடதில் 0.05 தகடு முனையில் மடங்கியது, உள்ளே போகவே இல்லை. கடைசியில் 0.03 தகடு, அதுவும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் போனது. நம் தலைமுடியே அதைவிடத் தடிமனாக இருக்கும்.

இதில் திருகித் தளர்த்த ஸ்க்ரூ எதுவும் கிடையாது. கேமை எடுத்து, வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட் மூடியைத் தூக்கினால், வால்வுத் தண்டின் தலையில் ஒரு சின்ன வட்டத் தகடு உட்கார்ந்திருக்கும். அதுதான் ஷிம். பாராசிட்டமால் மாத்திரையைவிடச் சின்னது. கேமைத் தொடுவதற்கு முன் டைமிங் செயின் போகும் குழியில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். அந்த மாத்திரை கை தவறி அதற்குள் விழுந்தால் ஒரு நாள் போய்விடும். செயினும் உள்ளே இறங்கிவிடாமல் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும்.

மைக்ரோமீட்டரில் அளந்தோம். இடது ஷிம் 1.90. இருப்பது 0.03, வேண்டியது 0.12. 0.09 குறைய வேண்டும். ஆக 1.81. வலது 1.875, அதில் 0.05 குறைத்தால் 1.825. கணக்கு இவ்வளவுதான், ஆனால் அந்த அளவு ஷிம் கோயமுத்தூரில் எந்தக் கடையிலும் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கு ஆகும்.

"வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் இதையே தேச்சுக்கலாம்" என்றார் அண்ணன். ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்துக்குள், ஷெட் போட்ட கிரைண்டிங் பட்டறைக்குக் கூட்டிப் போனார். பம்ப் செட் உதிரி வேலை நடக்கும் இடம். அங்கிருந்த பெரியவர் ஷிம்மை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "எத்தன மைக்ரான் எடுக்கோணும்?" என்று மட்டும் கேட்டார். தொண்ணூறும் ஐம்பதும் என்றேன். காந்தப் படுகையில் இரண்டு ஷிம்மையும் வைத்தார். அத்தனை சின்ன உருப்படியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, அதனால் சுற்றிலும் இரும்புத் துண்டுகளை முட்டுக் கொடுத்தார். கல் தொட்டும் தொடாமலும் போய் வந்தது. நாலைந்து முறைக்கு ஒரு தடவை நிறுத்தி, துடைத்து, அளந்தார். கடைசியாக அளந்தபோது 1.81 என்றும் 1.825 என்றும் நின்றது. நான்கு இடத்தில் அளந்தும் ஒரே அளவு. மேல்தோல் மட்டும் கெட்டியாக இருக்கிற தகடுகளில் இதற்கு மேல் எடுப்பது நல்லதில்லை என்று அவரே சொன்னார். இந்த வேலைக்கு இந்த ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

மாட்டி, கேம் குறியைச் சரிபார்த்து, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பவும் அளந்தோம். இரண்டிலும் 0.12 தகடு மெல்லிய பிடியோடு போய் வந்தது.

ஸ்டார்ட் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் வண்டியைக் குறை சொல்வது இதில்தான். குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக் போட்டு, ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று முறை முறுக்கிவிட வேண்டும். இந்தக் கார்புரேட்டரில் ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும். அதற்குப் பிறகு ஆக்சிலேட்டரில் கையே வைக்கக் கூடாது. மிதிக்கும்போது பயத்தில் முறுக்கினால் எஞ்சின் நனைந்து ஓவர் ஃப்ளோ ஆகிவிடும். கிக்கரை மெதுவாக அழுத்தி, கெட்டியாகத் தடுக்கும் இடத்தைத் தாண்டி, மேலே கொண்டுவந்து, அப்புறம் அடி வரைக்கும் ஒரே மிதி. பாதி மிதி பத்து மிதித்தாலும் பயனில்லை. கீழே விழுந்து நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து நாலு மிதி, அப்புறம் மூடிவிட்டு மிதிக்க வேண்டும். சூடான எஞ்சினுக்குக் கிளட்ச் பக்கத்தில் இருக்கும் சின்ன ஹாட் ஸ்டார்ட் லீவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். அது கொஞ்சம் கூடுதல் காற்றை உள்ளே விடும்.

பட்டறை வாசலில் சோக் போட்டு, இரண்டு முறுக்கு. முதல் மிதியில் 'டப்'. இரண்டாவது மிதியில் பிடித்தது. அண்ணன் சோக்கைத் தள்ளிவிட்டார். ஐட்லிங் அணையாமல் நிலையாக நின்றது. கூடவே மேலேயிருந்து லேசான 'டிக் டிக்' சத்தம். பல வாரம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

எதனால் தேய்ந்தது என்பதையும் அன்றே பார்த்தோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் ஃபோமில் ஆயிலே இல்லை, காய்ந்து கிடந்தது. ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை விரலால் வழித்தேன். செம்மண் மாவு ஒட்டியது. அது வழியாகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வால்வு முகத்துக்குப் போயிருக்கிறது. ஃபோம் ஃபில்டரில் தூசியைப் பிடிப்பது அந்தப் பிசுபிசுப்பு ஆயில்தான், வெறும் ஃபோம் சல்லடை. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, காயவைத்து, ஆயில் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுகிறேன். நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணம் காலியாகித் தானாக அணையும் வரை ஓடவிடுகிறேன்.

ஹேண்டில் பாரில் ஒரு மணிக் கணக்கு மீட்டரும் ஒட்டியாயிற்று. ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு அளந்தேன், இரண்டும் 0.12. பத்தில் இடது 0.11. போன சனிக்கிழமை மீட்டரில் பதினாறு மணி நேரம், இடது 0.08, வலது 0.12. வலதுக்கு ஆயுள் இருக்கிறது. இடது பூச்சைத் தாண்டிவிட்டது. இன்னொரு ஷிம் போட்டு ஓட்டலாம், ஆனால் ஒருமுறை தேய ஆரம்பித்த வால்வு நிற்காது, தலை உடைந்து பிஸ்டன் மேல் விழுந்தால் எஞ்சினே போய்விடும். வரவழைத்த ஷிம் டப்பா பிரிக்காமல் மேசையில் இருக்கிறது. அண்ணனிடம் ஹெட்டை இறக்கச் சொல்லிவிட்டேன். இரும்பு வால்வும் அதற்கேற்ற கெட்டி ஸ்பிரிங்கும் போடுவதா, டைட்டேனியத்தையே போடுவதா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். பந்தயத்துக்குப் போகாத வண்டி, அதனால் என் எண்ணம் இரும்பு பக்கம். எதுவானாலும் சீட்டையும் சேர்த்துக் கட் செய்துதான் மாட்டப் போகிறோம். இந்த ஞாயிறு தோட்டத்துக்கு வண்டி இல்லாமல்தான் போகிறேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், இறக்கத்தில் உருட்டச் சொன்னவர் அவர்தானே.